நுழைவுத் தேர்வு இங்கிலீஷ்: வார்த்தை சேர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாலை நேரப் படிப்பகத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். திருவொற்றியூர், வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பள்ளி வேறு, குரூப் வேறு, எழுதப்போகும் தேர்வு வேறு. சந்தேகம் மட்டும் வருஷா வருஷம் ஒன்றேதான். வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன்.

1. "அக்கா, நான் எழுதப்போற எக்ஸாமுக்கு வொகாபுலரி வேணுமா, வேணாமா?"

எந்த எக்ஸாம் என்பதைப் பொறுத்தது. நீட், ஜேஇஇ மெயின் இரண்டிலும் இங்கிலீஷுக்கென்று தனிப் பகுதி கிடையாது. இரண்டையும் தமிழிலேயே எழுதலாம். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் நடக்கிறது. இவ்வளவுதான் உங்கள் திட்டம் என்றால் ஏழாவது கேள்வியை மட்டும் படித்துவிட்டு பிசிக்ஸ் புத்தகத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வில் இங்கிலீஷ் தாள் எடுத்தால் 50 கேள்வி, 60 நிமிடம். பத்தி படித்து விடை சொல்வது, ஒரே பொருள், எதிர்ப்பொருள், கலைந்த வாக்கியத்தை வரிசைப்படுத்துவது எல்லாம் வரும். சட்டம் படிக்க கிளாட் எழுதுகிறவர்களுக்கு 120 கேள்வியில் 22 முதல் 26 வரை இங்கிலீஷ். ஆனால் அதில் மற்ற பகுதிகளும் நீள நீளமான இங்கிலீஷ் பத்திகள்தான், அதனால் கணக்குப் பார்த்தால் முழுத் தாளுமே இங்கிலீஷ்தான். தேசியப் பாதுகாப்பு அகாடமி தேர்வின் பொதுத் திறன் தாளில் 200 மார்க் இங்கிலீஷுக்கு. அங்கே ஒரே பொருள், எதிர்ப்பொருள், மரபுத்தொடர் எல்லாம் நேரடியாகவே கேட்பார்கள். வெளிநாட்டுக் கல்லூரிக்கு சாட் எழுதுகிற ஓரிருவரும் வருகிறார்கள். அதில் சின்னச் சின்னப் பத்தி, பத்திக்கு ஒரு கேள்வி.

2. "ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை படிக்கணும்?"

எட்டு, மிஞ்சினால் பத்து. முப்பது, ஐம்பது என்று டைம் டேபிள் போட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் ஓடும். இரண்டாவது வாரம் பழையதைத் திரும்பப் பார்க்க நேரம் இருக்காது, மூன்றாவது வாரம் அந்த நோட்டே பையில் இருக்காது. நாளைக்கு எட்டு என்றாலும் ஆறு மாதத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதில் பாதி கையில் நின்றாலே பெரிய விஷயம்.

3. "எங்க அண்ணன்கிட்ட மூவாயிரம் வார்த்தை லிஸ்ட் இருக்கற பழைய புக்கு இருக்கு. அதை மனப்பாடம் பண்ணா போதாதா?"

போதாது. அந்த மாதிரிப் புத்தகங்கள் சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் இன்னமும் கிடைக்கின்றன. அவற்றில் பல, அமெரிக்கத் தேர்வுகளின் பழைய வடிவத்துக்காக எழுதியவை. சாட் தேர்வில் ஜோடி ஒப்புமைக் கேள்விகள் 2005-லேயே போய்விட்டன. அரிய சொல்லைப் போட்டுக் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள் 2016-ல் போய்விட்டன. இப்போது அங்கேயும் சரி, கிளாட்டிலும் சரி, இந்தப் பத்தியில், இந்த வாக்கியத்தில், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அல்லது எந்தச் சொல் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

லிஸ்ட் வேண்டும் என்றே அடம் பிடித்தால் வேறொன்று சொல்கிறேன். ஏவரில் காக்ஸ்ஹெட் (Averil Coxhead) என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 2000-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். கல்லூரிப் பாடநூல்களில் துறை எதுவானாலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள். டிரைவ் (derive), இம்ப்ளை, கான்ஸ்டிட்யூட், அஸ்யூம் மாதிரியான சொற்கள். இணையத்தில் இலவசம். இவை உங்கள் பிளஸ் டூ எகனாமிக்ஸ், பயாலஜி இங்கிலீஷ் புத்தகங்களிலேயே பக்கத்துக்குப் பக்கம் கிடக்கின்றன. பேர் கேட்டாலே பயமுறுத்தும் சொற்களை விட்டுவிட்டு இதில் ஆரம்பியுங்கள்.

4. "நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம்கா. எனக்கு பேஸே இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

உங்கள் வீட்டிலிருந்து. சும்மா சமாதானம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்களை ஒரு நாள் போர்டில் எழுதச் சொன்னால் போர்டு நிறைந்துவிடும். அந்தச் சொற்களுக்குப் பத்தியில் வேறு முகம் இருக்கிறது, அவ்வளவுதான். தேர்வு கேட்பதும் அந்த இரண்டாவது முகத்தைத்தான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் வராத குடும்பம் இங்கே ஏது? அட்மிட், டிஸ்சார்ஜ், பேஷன்ட், கிரிட்டிக்கல், கிரானிக் எல்லாம் நம் பாட்டிகளுக்கே தெரியும். பத்தியில் அட்மிட் என்றால் ஒப்புக்கொள்வது. கடமையை டிஸ்சார்ஜ் செய்தான் என்றால் நிறைவேற்றினான். பேஷன்ட் பொறுமைசாலி ஆகிவிடுவார். கிரிட்டிக்கல் என்றதும் ஐ.சி.யூ. கதவு ஞாபகம் வரும். பத்தியில் அது குறை நிறைகளை அலசிப் பார்க்கும் பார்வையாகவோ, மிக முக்கியமானது என்றோ வரும். கிரானிக் என்பது விடாமல் நீடிப்பது. நோயும் அப்படி இருக்கலாம், வறுமையும் அப்படி இருக்கலாம்.

ராயபுரத்தில் அப்பாவோ மாமாவோ துறைமுகத்தில் வேலை செய்தால் மேனிஃபெஸ்ட் என்ற சொல் வீட்டில் அடிபட்டிருக்கும்: கப்பலில் ஏற்றிய சரக்கின் பட்டியல். பத்தியில் அதே சொல் 'வெளிப்படத் தெரிவது'. டிராஃப்ட் என்றால் கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்கிறது என்ற அளவு. படிக்கிற இடத்தில் முதல் வரைவு. பெரம்பூர்ப் பிள்ளைகளுக்கு ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கேரேஜ் ஒர்க்ஸ் பேச்சு பழக்கம். கேஜ் என்றால் தண்டவாள அகலம். மக்கள் மனநிலையை கேஜ் செய்தார்கள் என்றால் அளந்து பார்த்தார்கள். பஃபர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் இடியைத் தாங்குவது. எண்ணூர் அலையாத்திக் காடு புயலுக்கு பஃபராக நிற்கிறது என்று ஒரு சுற்றுச்சூழல் பத்தி வந்தால் உங்களுக்கு அகராதியே வேண்டாம்.

வேலையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில், தெருவில், பணிமனையில் புழங்கும் இங்கிலீஷ் சொல் ஒவ்வொன்றையும் எழுதி, அகராதியில் அதன் இரண்டாவது, மூன்றாவது அர்த்தத்தைப் பாருங்கள். முதல் மாதத்துக்கு இதுவே தாராளம். ஒரே எச்சரிக்கை: 'சீன் போடுறது', 'பில்டப் கொடுக்கறது' மாதிரி நாம் நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்ட சொற்களும் உண்டு. அந்த அர்த்தத்தைத் தேர்வு அறைக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.

5. "அர்த்தத்தை தமிழ்ல எழுதி வெச்சுக்கலாமா? இங்கிலீஷை இங்கிலீஷ்லயே படிக்கணும்னு மிஸ் சொன்னாங்க."

தாராளமாகத் தமிழில் எழுதலாம். தெரிந்த மொழியில் பிடித்தால் சீக்கிரம் பிடிபடும். ஆனால் ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று எழுதாதீர்கள். நான்காவது பதிலில் பார்த்த மாதிரி அட்மிட்டுக்கு இரண்டு தமிழாவது வேண்டியிருக்கும். சொல் வந்த வாக்கியத்தை எழுதி, அந்த இடத்தில் என்ன அர்த்தமோ அதை மட்டும் தமிழில் எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதி, அ. சிதம்பரநாதன் செட்டியார் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்தது, இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது. தமிழ் கொஞ்சம் பழசாக இருக்கும், ஆனால் அர்த்தங்களைப் பிரித்துக் கொடுக்கும். மிஸ் சொன்னதும் தப்பில்லை. நாலைந்து மாதம் கழித்து இங்கிலீஷ்–இங்கிலீஷ் அகராதிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பை மட்டும் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுத வேண்டாம். போட்டுக்கொள்ளும் கோட்டுக்கும் (coat) ஆட்டுக்கும் (goat) 'கோட்' என்றே எழுத வேண்டிவரும். நான் இங்கே எழுதுகிறேனே என்று கேட்காதீர்கள். நான் தேர்வு எழுதவில்லை. போனில் அகராதியைத் திறந்தால் ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதை அழுத்திக் காதால் கேளுங்கள்.

6. "படிக்கறேன், மூணு நாள்ல மறந்துடுது. எனக்கு மட்டும்தான் இப்படியா?"

எல்லாருக்கும் அப்படித்தான். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே இதைப் புத்தகமாக எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்காருவதைவிட தினமும் கால் மணி நேரம் மேல்.

எங்கள் படிப்பகத்தில் இதற்கு ஒரு பெட்டி முறை வைத்திருக்கிறோம். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பிரபலப்படுத்தியது. ஷூ டப்பாவில் அட்டை செருகி மூன்று அறை செய்யுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டாம். வெறுமையாக இருக்கும் பக்கத்தில் வாக்கியத்தை எழுதி, சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். மறுபக்கம் அச்சு இல்லாத மூலையில் அர்த்தம். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது வாரத்துக்கு ஒரு முறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால், அது எந்த அறையில் இருந்தாலும் சரி, முதல் அறைக்கே திரும்பும். அட்டையைத் திருப்புவதற்கு முன்னால் விடையை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு "ஆ, தெரியுமே" என்பதெல்லாம் கணக்கில் வராது.

போனில் செய்ய விருப்பமிருந்தால் அன்கி என்ற செயலி இதே வேலையைச் செய்யும், ஆண்ட்ராய்டில் இலவசம். ஆனால் போனை எடுத்தால் கை வேறு எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

7. "ரூட் வேர்ட்ஸ் படிச்சா எல்லா வார்த்தையும் வந்துடும்னு யூடியூப்ல சொல்றாங்களே?"

எல்லாம் வராது. கொஞ்சம் வரும். சயின்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு அந்தக் கொஞ்சம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கிளைகோலைசிஸ், ஹைட்ரோலைசிஸ், எலக்ட்ரோலைசிஸ்: லைசிஸ் என்றால் கிரேக்கத்தில் அவிழ்ப்பது, பிரிப்பது. அனாலிசிஸும் அதே குடும்பம், பாராலிசிஸும் அதே குடும்பம். கெமிஸ்ட்ரியில் வேலன்சி என்று படித்தது லத்தீனில் வலிமை என்ற சொல்லிலிருந்து வந்தது. ஈக்விவேலன்ட் சம வலிமை. ஆம்பிவேலன்ட் இரண்டு பக்கமும் இழுக்கிற மனசு. பிரிவேலன்ட் ஊரெங்கும் பரவி ஓங்கி நிற்பது. நீட் எழுதுகிறவர்களுக்கு இது நேரடியாகவே உதவும். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, ஹைப்பர் என்றால் மிகை, ஹைப்போ என்றால் குறை. தமிழில் எழுதினாலும் வினாத்தாளில் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் இங்கிலீஷில் இருப்பதே இறுதி. அதனால் இங்கிலீஷ் பெயர்களைப் பார்த்து மிரளாமல் இருப்பது நல்லது.

வேர் வைத்து யூகிப்பதில் குழியும் உண்டு. பெனவலன்ட் காதுக்கு வேலன்சி மாதிரிக் கேட்டாலும் அது 'விரும்புவது' என்ற வேறு வேரிலிருந்து வந்தது: நல்லதை விரும்புகிறவர். 'இன்' முன்னால் வந்தாலே எதிர்மறை என்று நினைத்தால் இன்ஃப்ளேமபிளில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு அர்த்தம் எளிதில் தீப்பற்றும். லாரியின் பின்னால் எழுதியிருப்பதைத் தப்பாகப் படிக்கக் கூடாத சொல். வேர் கொடுப்பது யூகம்தான். பத்தி அதை ஆமாம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

8. "இங்கிலீஷ் பேப்பர் படின்றாங்க. ஒரு பாரா படிக்கவே அரை மணி நேரம் ஆகுது."

அப்படியென்றால் அந்தக் கட்டுரை இப்போதைக்கு உங்களுக்கானது இல்லை. நூறு சொல்லில் தெரியாதவை ஐந்துக்குள் இருந்தால் படித்துக்கொண்டே போகலாம், சந்தோஷமாகவும் இருக்கும். பத்து, பதினைந்து என்றால் அது படிப்பதில் சேராது, அகராதியைப் புரட்டுவதுதான். தலையங்கத்தை விட்டுவிட்டு விளையாட்டுப் பக்கம், நகரச் செய்திகள் என்று ஆரம்பியுங்கள்.

இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் தினத்தந்தியிலோ தினமணியிலோ ஒரு செய்தியை முழுக்கப் படித்துவிட்டு, அதே செய்தியை இங்கிலீஷ் பேப்பரில் தேடிப் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல்லின் அர்த்தம் தானாக வந்து உட்காரும். ஒரு செய்திக்கு மூன்று சொல் மட்டும் அட்டைக்குப் போகட்டும்.

9. "எனக்கு இங்கிலீஷ் சுத்தமா தெரியாதும்மா. மீன் வித்துட்டு வர்றதுக்கே நேரம் சரியா இருக்குது. பொண்ணுக்கு நான் எப்படி உதவி பண்றது?"

அம்மா, நீங்கள் அந்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பொண்ணு வாக்கியத்தைப் படித்து, தமிழில் உங்களுக்கு விளக்க வேண்டும். உங்களுக்குப் புரிந்தால் அவளுக்கும் புரிந்திருக்கிறது. மழுப்பினால் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த அட்டையை முதல் அறையில் போட்டுவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.

10. "வீட்ல ஒரே ரூம்தான், டிவி ஓடும். எங்க உக்காந்து படிக்கறது?"

கொளத்தூர் பக்கம் இருந்தால் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்க இடம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா 1896-லிருந்து இருக்கும் நூலகம். அகராதிகளும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் அங்கேயே எடுத்துப் பார்க்கலாம். தினமும் அவ்வளவு தூரம் முடியாது என்றால் உங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் பேப்பர் படிக்கும் மேஜை இருக்கும். அட்டைகளை மட்டும் எங்கேயும் புரட்டலாம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வருகிற ஒரு பையன் இரண்டாவது அறையை வண்டியிலேயே முடித்துவிடுகிறான்.

11. "இங்கிலீஷ் படம், சீரிஸ் பாத்தா வொகாபுலரி வருமா?"

காது பழகும், பேச்சு வரும். தேர்வுப் பத்தியில் வரும் சொற்கள் அவற்றில் குறைவு. பார்ப்பதாக இருந்தால் இங்கிலீஷ் எழுத்தையும் போட்டுப் பாருங்கள். அதைப் படிப்பு நேரத்தில் மட்டும் சேர்க்காதீர்கள்.

12. "புது வார்த்தையை பேசிப் பாத்தா 'பீட்டர் விடறான்'னு ஃப்ரெண்ட்ஸ் கலாய்க்கிறாங்க."

கலாய்ப்பார்கள். அதற்காகத் தெருவில் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. சொல்லை எழுதிப் பழகினாலும் நிற்கும். அன்றைய எட்டு சொல்லில் மூன்றை வைத்து உங்கள் ஏரியாவைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள். கேலி செய்கிற நண்பனைப் பற்றியே எழுதலாம், நல்ல பெயரடைகள் தேவைப்படும்.

13. "ரெண்டு ஆப்ஷனும் சரியாத்தான் தெரியுது. எதை போடறது?"

இங்கேதான் மார்க் பிரிகிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு பத்தி: தடைக்காலத்தில் குடும்பங்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகை மோடஸ்ட், அதனால் பலர் கடன் வாங்குகிறார்கள் என்று வருகிறது. மோடஸ்டுக்கு நாலு விடை: அடக்கமான, கூச்சமுள்ள, சிறிய, எளிமையான. அகராதியைத் திறந்தால் நாலுக்குமே ஏதோ ஒரு வகையில் இடம் இருக்கும். மனப்பாடம் செய்தவன் 'அடக்கமான' என்று போட்டுவிட்டுப் போவான். 'அதனால் கடன் வாங்குகிறார்கள்' என்ற பாதியைப் பார்த்தவன்தான் 'சிறிய' என்று போடுவான். தொகைக்கு என்ன அடக்கம்?

முதலில் விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, அந்தச் சொல் இல்லாமல் வாக்கியத்தைப் படித்து, உங்கள் வாயில் வரும் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். பிறகு விடைகளைத் திறந்து அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடுங்கள். அப்போதும் இரண்டு மிஞ்சினால் எழுதியவர் புகழ்கிறாரா, குறை சொல்கிறாரா என்று பாருங்கள். ஒடிசல் என்பதற்கும் நோஞ்சான் என்பதற்கும் உள்ள தூரம் ஸ்லெண்டருக்கும் ஸ்கின்னிக்கும் நடுவில் உண்டு. எடை ஒன்றுதான், சொல்கிறவரின் மனசு வேறு.

14. "சுத்தமா தெரியாத வார்த்தை வந்தா விட்டுடலாமா, குத்துமதிப்பா அடிக்கலாமா?"

மைனஸ் மார்க்கைக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். க்யூட்டில் சரிக்கு 5, தப்புக்கு 1 கழிவு. நாலு கேள்வியைக் கண்ணை மூடி அடித்து ஒன்று சரியானால்கூட 5-ல் 3 போய் 2 மிஞ்சும். ஒரு விடையாவது தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால் இன்னும் லாபம். கிளாட்டில் சரிக்கு 1, தப்புக்கு கால் மார்க். அதே கணக்கில் கால் மார்க் மிஞ்சும். பாதுகாப்பு அகாடமி தேர்வில் மூன்றில் ஒரு பங்கு கழிவு, அதனால் கண்ணை மூடி அடித்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையை நீக்க முடிந்தால் மட்டும் அடியுங்கள். சாட்டில் கழிவே இல்லை, காலியாக விடுவதுதான் முட்டாள்தனம். இது எல்லாம் சராசரிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மூன்று கேள்வியில் அதிர்ஷ்டம் எப்படி வேண்டுமானாலும் போகும்.

15. "க்யூட்ல இங்கிலீஷுக்கு பதிலா தமிழ் தாள் எடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்லல்ல?"

தமிழ் தாள் இருக்கிறது. அதில் உள்ள 13 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் எந்த மொழித் தாளை ஏற்போம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறது. சில படிப்புகளுக்கு எந்த மொழியானாலும் சரி, சிலவற்றுக்கு இங்கிலீஷ்தான் வேண்டும். நீங்கள் சேர நினைக்கும் இடத்தின் தகுதி விவரத்தை விண்ணப்பத்துக்கு முன்னால் வரி விடாமல் படியுங்கள். விண்ணப்பித்த பிறகு படித்துவிட்டு என்னிடம் வந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

16. "எக்ஸாமுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. இப்ப ஆரம்பிச்சா பிரயோஜனம் உண்டா?"

உண்டு, ஆனால் புதுப் பட்டியல் எதையும் தொடாதீர்கள். பழைய வினாத்தாள்களை எடுத்து, அவற்றில் தெரியாத சொற்களை மட்டும் ஆறாவது பதிலில் சொன்ன பெட்டிக்குள் போடுங்கள். பிளஸ் டூ பொதுத் தேர்வின் இங்கிலீஷ் தாளும் ஒரே பொருள், எதிர்ப்பொருள் கேள்விகளோடுதான் ஆரம்பிக்கிறது, அந்தப் பாடநூல் சொற்களையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு தேர்வுக்கும் ஆகும். தினம் இரண்டு பத்தியை நேரம் வைத்துப் படியுங்கள். கடைசி வாரம் பெட்டியில் புது அட்டை போடாதீர்கள்.

17. "நிறைய வார்த்தை தெரியுது, ஆனா மாக் டெஸ்ட்ல மார்க் ஏற மாட்டேங்குது. ஏன்கா?"

பிரச்சினை வார்த்தையில் இல்லாமல் இருக்கலாம். தப்பான விடைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: சொல் தெரியவில்லை, சொல் தெரிந்தும் பத்தி புரியவில்லை, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், நேரம் போதவில்லை. முதல் வகை கால்வாசிகூட இல்லை என்று பார்த்துவிட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு.

பத்தி புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் சின்னச் சொற்களே காரணம். அன்லெஸ், ஆல்தோ, ஹவ்எவர், ஹார்ட்லி, ராதர் தேன். இவற்றை யாரும் அட்டையில் எழுதுவதில்லை, எல்லாருக்கும் தெரிந்தவை என்ற நினைப்பு. ஹார்ட்லி என்றதும் கஷ்டப்பட்டு என்று எடுத்துக்கொண்டு பத்தி முழுவதையும் தலைகீழாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்; அதற்கு அர்த்தம் 'கிட்டத்தட்ட இல்லவே இல்லை'. கேள்வியிலேயே நாட், எக்ஸெப்ட் என்று வருவதைத் தாண்டிப் போய்விடுவதும் இதே கதைதான். இந்த மாதிரிச் சொற்கள் மொத்தமே முப்பது, நாற்பதுதான் இருக்கும். அவற்றுக்குத் தனி அட்டை போட்டு, பென்சிலால் ஒவ்வொரு பத்தியிலும் வட்டமிட்டுப் படியுங்கள். அடுத்த மாக் டெஸ்டின் தப்புகளையும் இதே மாதிரிப் பிரித்து எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.